யூடியூபில் பார்த்தால் போதாதா, டீச்சர்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் எடுத்த கணக்குப் பாடத்தையே தூங்காமல் கேட்ட பிள்ளைகள் நீங்கள். இதையும் வாசித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு பையன் போன் பண்ணினான். பையன் என்று நான்தான் சொல்கிறேன், அவனுக்கே ரெண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். தொண்ணூறுகளில் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். "சாப்டியால?" என்று கேட்டு, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்தபிறகு, "ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போறியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்: "இல்ல டீச்சர். வாரம் பூராவும் வேலை. ஞாயிறு ஒருநாள்தான் தூங்க முடியுது. வீட்ல டீவியில யூடியூப் போட்டு ஆராதனை பாத்துடுதோம். நம்ம ஊர் கோயில் ஆராதனையே வருது. நல்ல பிரசங்கமா தேடியும் கேக்கலாம். அது போதாதா டீச்சர்?"

போனில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "எழுதி அனுப்புதேன்ல" என்றேன். அவனுக்கு எழுத உட்கார்ந்தபோது, இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும் என்று தோன்றியது. அதனால் எல்லாருக்குமாக எழுதுகிறேன். என் மாணவர்களில் இந்துப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் நிறையப் பேர். நான் அறிந்ததைத்தான் நான் சொல்ல முடியும், அதனால் இது கிறிஸ்தவ ஆராதனையைப் பற்றிய பேச்சு. உங்கள் வீட்டுக்கும் இதில் ஏதாவது பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பையனிடம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரல் 10 பெரிய வெள்ளிக்கிழமை, 12 ஈஸ்டர். ரெண்டு நாளும் கோயில் பூட்டிக் கிடந்தது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு பெரிய வெள்ளியை நான் பார்த்ததில்லை. மூன்று மணி நேரத் தியானத்தை நானும் என் வீட்டுக்காரரும் செல்போனில்தான் பார்த்தோம். தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்திருந்தோம். அவர் வெள்ளை வேட்டி சட்டை போட்டு, கோயிலில் உட்காருவது போலவே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அந்தப் போன் இல்லாவிட்டால் எங்களுக்கு ஒன்றுமே இல்லை. படுக்கையில் கிடக்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி பார்க்கிற நர்ஸ் பிள்ளைகள், கோயிலே இல்லாத ஊரில் வேலை பார்க்கிறவர்கள் இவர்களுக்கெல்லாம் இன்றைக்கும் அது ஒரு கொடைதான். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் போக முடிகிறவர்களுக்கு அது போதுமா? போதாது. இதை நான் பிரசங்கமாகச் சொல்லவில்லை. ஒன்பது மாதம் அதைச் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

2021 மே மாதம் என் வீட்டுக்காரர் கொரோனாவில் இறந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அடக்கத்துக்கு ஐந்தாறு பேர்தான். எங்கள் சேகரத்து ஐயர் தூரத்தில் நின்று ஜெபம் பண்ணினார். பாட்டு இல்லை. நாற்பது வருஷம் கோயில் பாடகர் குழுவில் பாடிய மனிதரைப் பாட்டு இல்லாமல் அனுப்பினோம். அது எனக்கு ஆறவே இல்லை.

அப்புறம் கோயிலைத் திறந்தார்கள், அடைத்தார்கள், மறுபடி திறந்தார்கள். 2022 தொடக்கத்தில் ஒருவழியாக எல்லா ஞாயிறும் ஆராதனை ஒழுங்காக நடக்க ஆரம்பித்தது. நான் போகவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேன். வலி உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அவர் உட்காரும் இடத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆண்டவர்மேல் கோபமும் இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யூடியூப் போடுவேன். பெரிய பட்டணத்துச் சபைகள். நல்ல இசை, நல்ல பிரசங்கம். ஒரு வாரம் ஒரு சபை, மறுவாரம் இன்னொரு சபை. பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடுவேன். அழுகை வந்தால் நிறுத்திவிடுவேன். நடுவில் காய்கறி நறுக்குவேன். ஒன்பது மாதம் இப்படியே ஓடியது. அந்தப் பிரசங்கங்களில் பல உண்மையிலேயே நல்லவை. ஆனால் அத்தனை வாரத்தில் ஒரு நாள்கூட அங்கே யாரும் என்னைத் தேடவில்லை. அது அவர்கள் குற்றம் ஆகாது. நான் இருப்பதே அவர்களுக்குத் தெரியாதே! நான் அழுது நிறுத்தியதும் தெரியாது, ஒரு வாரம் பார்க்காமலே விட்டதும் தெரியாது.

தேடி வந்தது ஒரு பாட்டி. எங்கள் ஊரில் பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாமாலையும் கீர்த்தனையும் அவளுக்கு மனப்பாடம். கோயிலில் எனக்குப் பக்கத்து இடம் அவளுடையது. நவம்பர் மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் வெயிலில் நடந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை, வசனமும் சொல்லவில்லை. கிளம்பும்போது சொன்னாள்:

"டீச்சரம்மா, உங்க இடத்துல யாரையும் உக்கார விடல. எம் பைய வச்சிருக்கேன். எல்லா வாரமும்."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "என்னால பாட முடியாது பாட்டி" என்று மட்டும் சொன்னேன்.

"நீங்க ஏன் பாடணும்? சும்மா வந்து இருங்க. நாங்க பாடுதோம்லா" என்றாள்.

அடுத்த வாரம் டிசம்பர் முதல் ஞாயிறு. முதல் மணி அடித்தபோது சேலையை மாற்றிக்கொண்டேன். ரெண்டாம் மணிக்கு வாசலில் நின்றேன். மூன்றாம் வரிசையைப் பார்க்காமலே போய் உட்கார்ந்தேன். பாட்டி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். பாட்டு தொடங்கியது. என் வாய் திறக்கவில்லை. என்னைச் சுற்றி எல்லாரும் பாடினார்கள்.

அப்போது எனக்கு என் வகுப்புப் பையன் ஒருவன் ஞாபகம் வந்தான். என்னோடு படித்தவர்களுக்கு யார் என்று தெரியும், பெயர் வேண்டாம். கடுமையான திக்குவாய். "ஏழாம் வாய்ப்பாடு சொல்லு" என்று எழுப்பினால் முகம் சிவந்து, முதல் வார்த்தையிலேயே நின்றுவிடுவான். ஆனால் வகுப்பு முழுக்கச் சேர்ந்து சொல்லும்போது அவன் வாயும் அசையும். ஒருநாள் பக்கத்தில் போய்க் காது கொடுத்துக் கேட்டேன். ஓரேழ் ஏழிலிருந்து கடைசி வரைக்கும் தடையில்லாமல் சொல்கிறான்! திக்குவாய் உள்ள பிள்ளைகள் பலரும் மற்றவர்களோடு சேர்ந்து சொல்லும்போது தடங்கல் இல்லாமல் சொல்வார்கள். ஆசிரியர் வேலையில் எனக்கு மறக்காத பாடங்களில் அது ஒன்று. தனியாக வராத வார்த்தை கூட்டத்தில் வரும்.

அந்த ஞாயிறு நான்தான் அந்தப் பையன். பாவ அறிக்கையை எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள், விசுவாசப் பிரமாணத்தையும் சேர்ந்து சொன்னார்கள். தனியாக என்னை எழுப்பி, "நீ விசுவாசிக்கிறாயா?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கு நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. யாரும் கேட்கவில்லை. எனக்கும் சேர்த்து அவர்கள் சொன்னார்கள். கர்த்தருடைய ஜெபத்தின் நடுவில் எங்கேயோ என் வாயும் அசைந்தது.

அன்று திருவிருந்து ஆராதனை. நம் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது உங்களுக்குத் தெரியும். 1950இல் வந்த அதன் திருவிருந்து ஒழுங்கில் சமாதானம் பகிர்தல் என்று ஒரு வழக்கத்தைச் சேர்த்தார்கள். திருவிருந்து மேசையிலிருந்து ஐயர் கையால் தொடங்கி, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு, கடைசி வரிசை வரைக்கும் அது வர வேண்டும். ஒருவர் வாங்காமல் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. எத்தனையோ வருஷம் இதைச் செய்திருக்கிறேன், யோசித்ததில்லை. அன்றைக்குப் பாட்டி அவளுடைய காய்த்துப்போன ரெண்டு கையாலும் என் கையைப் பிடித்தாள். வாங்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பினேன்.

மறுபக்கம் இருந்தவள்தான் நான் சொல்லாமல் வைத்திருந்த அந்த இன்னொரு காரணம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அறுப்பின் பண்டிகைக் கணக்கு விஷயமாக எனக்கும் அவளுக்கும் பெரிய வாக்குவாதம். அஞ்சு வருஷம் பேச்சு இல்லை. கணக்கு கேட்டது சரி. ஆனால் பத்துப் பேர் முன்னால், ஸ்லேட்டைத் தொலைத்த பிள்ளையைக் கேட்பது போல நான் கேட்டது தப்பு. அது எனக்கு அப்போதே தெரியும், ஒத்துக்கொள்ள மனசில்லை. அவள் கையை நீட்டினாள். நான் பிடித்தேன். "சார் போனப்ப வர முடியல டீச்சர், எனக்கும் காய்ச்சல்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் அவள் அடுத்த ஆளுக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

தம்பி, யூடியூபில் அந்தக் கை வராது. பிடித்த சபையை நாம் தேர்ந்தெடுக்கலாம், பிடிக்காத ஆளின் பக்கத்தில் உட்கார வேண்டியது வராது. ஆனால் எனக்கு வேண்டியிருந்த மருந்து அந்தப் பிடிக்காத ஆளின் கையில்தான் இருந்தது.

எபிரெயருக்கு எழுதின நிருபம் 10ஆம் அதிகாரத்தில் 24, 25 வசனங்களை எடுத்து வாசித்துப் பார். சபை கூடிவருவதை விட்டுவிடும் பழக்கம் அந்தக் காலத்திலேயே சிலருக்கு இருந்திருக்கிறது! அங்கே கூடிவரச் சொல்வதற்குக் காரணமாகச் சொல்லியிருப்பது நல்ல பிரசங்கம் கேட்பதற்கு என்று இல்லை. ஒருவரையொருவர் கவனிப்பதற்கும், ஒருவருக்கொருவர் புத்தி சொல்வதற்கும் என்று இருக்கிறது. அந்த வேலையை ஐயர் ஒருவரிடம் விட்டுவிட்டு, அவர் நன்றாகச் செய்தாரா இல்லையா என்று மதிப்பெண் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

தோமாவையும் நினைத்துக்கொள். உயிர்த்தெழுந்த நாள் சாயங்காலம் சீஷர்கள் கூடியிருந்தபோது அவன் இல்லை. ஏன் இல்லை என்று யோவான் எழுதவில்லை. துக்கமாக இருந்திருக்கலாம், என்னைப்போல. மற்றவர்கள் சொன்னதை அவன் நம்பவில்லை. ஆனாலும் எட்டு நாள் கழித்து அவர்களோடுகூட இருந்தான். நம்பிக்கை வந்தபிறகு வருகிறேன் என்று அவன் வீட்டிலே இருந்துவிடவில்லை. மற்றவர்களும், நம்பாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கதவை அடைக்கவில்லை. அந்த ரெண்டும் சேர்ந்ததால்தான் அவனுக்கு அந்த நாள் கிடைத்தது.

நம் ஊர்ச் சரித்திரத்தையே பார். திருநெல்வேலிச் சபை தொடங்கியது கூட்டத்தோடு இல்லை. 1780இல் பாளையங்கோட்டையில் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள்தான். முதலில் இருப்பது குளோரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பிராமண விதவை. 1778இல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். 1785இல் அவர் கட்டிய கோயில் இன்றைக்கும் பாளையங்கோட்டையில் இருக்கிறது. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் சனங்கள் சொல்வார்கள். வீட்டிலேயே தனியாக ஜெபம் பண்ணிக்கொண்டு இருந்திருந்தால் அந்த அம்மாளை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. சொந்தச் சாதி விட்டது, ஊர் விட்டது, துணையும் போனது. அவர் மற்றவர்களைக் கூட்டிச் சேர்த்தார். நானும் விதவையானபிறகு ஒருநாள் பாளையங்கோட்டைக்குப் போய் அந்தக் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

சரி, உங்களில் சிலர் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். "கோயிலுக்குள்ள நடக்குற தேர்தல் சண்டை, கேஸு, சாதிப் பேச்சு இதெல்லாம் டீச்சருக்குத் தெரியாதா?" தெரியும். அறுபது வருஷமாகப் பார்க்கிறேன். ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணிவிட்டு, கமிட்டி என்று வந்தால் எந்தத் தெரு, எந்தச் சாதி என்று கணக்குப் பார்க்கிறோம். சில இடங்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிவினை உண்டு. இது பாவம். இதை மூடி மறைத்துவிட்டு உங்களை வாருங்கள் என்று கூப்பிட எனக்கு வாய் வராது. அவமானப்படுத்தப்பட்ட ஒருவர் அந்தச் சபையை விட்டு வேறு சபைக்குப் போனால் அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். தனியாக மட்டும் இருந்துவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். நல்ல மனசுள்ளவர்கள் எல்லாரும் டீவி முன்னால் உட்கார்ந்துவிட்டால், கோயிலில் மிஞ்சுவது சண்டைக்காரர்கள்தானே!

வாராவாரம் போகிற எங்களுக்கும் ஒரு வார்த்தை. ரொம்ப நாள் கழித்து வருகிறவரைப் பார்த்து, "என்ன, அதிசயமா இருக்கு! மழை வரப்போகுது" என்று சிரிக்கிறோம். விளையாட்டுக்குத்தான் சொல்கிறோம். ஆனால் வாசல்வரை வர அவர் எவ்வளவு பாடுபட்டாரோ! அந்த ஒரு பேச்சால் அடுத்த வாரம் வராமல் போனவர்களை எனக்குத் தெரியும். "வாங்க, இருங்க" என்பதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

ஏன் வாராவாரம்? மனசு வரும்போது போனால் ஆகாதா? இதற்கு என் வருகைப் பதிவேடுதான் பதில். முப்பத்து நாலு வருஷம் தினமும் காலையில் பெயர் கூப்பிட்டேன். அதைத் தண்டிப்பதற்கு என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எதற்குத் தெரியுமா? தினமும் வருகிற பிள்ளை ரெண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் வீட்டுக்கு ஆள் அனுப்புவேன். காய்ச்சலா, அப்பா அம்மா சண்டையா, செங்கல் சூளைக்குக் கூட்டிப் போய்விட்டார்களா என்று தெரிந்துவிடும். நினைத்தால் வருகிற பிள்ளையின் கதை வேறு. அவன் வராவிட்டால் வழக்கம்போல என்று விட்டுவிடுவோம். உண்மையிலேயே ஆபத்தில் இருந்தாலும் தெரியாது. ஒழுங்காக வருகிறவன் இடம்தான் காலியாகத் தெரியும். அந்தப் பாட்டி என் இடத்தில் பை வைத்தாள் என்றால், அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் நான் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதால்தான்.

இன்னொன்றும் உண்டு. நம்மால் யாருக்குத் தைரியம் கிடைக்கிறது என்பது நமக்கே தெரியாது. போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்தாள். "டீச்சர், அப்பா போனப்புறம் எங்கம்மா ஒரு வருஷம் வெளியவே வரல. அன்னைக்கு நீங்க தனியா வந்து உக்காந்திருந்தத நான் பாத்தேன். வீட்ல போய்ச் சொன்னேன். அடுத்த வாரம் அம்மா வந்துட்டாங்க" என்றாள். நான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை! கையில் ஒன்றும் இல்லாமல் வாங்கிக்கொள்ளத்தான் போனேன். அதற்குள்ளேயே எனக்குத் தெரியாமல் யாருக்கோ கொடுத்திருக்கிறேன். "எனக்கு அங்கே என்ன கிடைக்கும்?" என்று கேட்டு வீட்டிலிருக்கிறவர்கள் இதை யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று இருக்கிற வாரத்தில், உங்களைப் பார்ப்பதே ஒருவருக்குப் போதுமானதாக இருக்கலாம்.

அந்தப் பாட்டி இப்போது படுக்கையில். இடுப்பு எலும்பு முறிந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. மாதம் ஒருமுறை ஐயர் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுக்கிறார். ஞாயிறு சாயங்காலம் நான் போவேன். காலையில் நடந்த ஆராதனையைப் போனில் போட்டுக் காட்டுவேன். ஆமாம், யூடியூப்தான்! செம்புக்குப் பதிலாகத் தலையணையில் சாய்த்து வைக்கிறேன். பாட்டு வந்தால் படுத்தபடியே கூடப் பாடுவாள். பிரசங்கம் வரும்போது பாதியில் தூங்கிவிடுவாள். எழுந்ததும் ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்விதான். ஐயர் என்ன பேசினார் என்று கேட்கமாட்டாள்.

"யாரெல்லாம் வந்தாவ டீச்சரம்மா?"

நான் வரிசையாகச் சொல்லுவேன். யார் வரவில்லை என்றும் சொல்லுவேன். வராதவர்கள் பெயரைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அது ஜெபம் என்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பக்கத்தில் இப்போது அவளுடைய இடம் காலி. என் பையை அங்கேதான் வைக்கிறேன்.

தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். பெங்களூரில் தமிழ் ஆராதனை நடக்கிற கோயில்கள் இருக்கின்றன. வருகிற ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒன்றுக்குப் போ. பாட வராவிட்டால் சும்மா இரு. முடிந்ததும் உடனே வண்டியை எடுக்காமல் ஒருவரிடமாவது உன் பெயரைச் சொல்லிவிட்டு வா. அடுத்த வாரமும் அதே இடத்தில் உட்கார். சில மாதம் கழித்து ஒரு வாரம் நீ போகாவிட்டால், "ஏன் வரல?" என்று யாராவது போன் பண்ணுவார்கள். அன்றைக்கு எனக்குப் போன் பண்ணிச் சொல்லு.

மற்ற பிள்ளைகளும் உறவுகளும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாதவர்களும் எழுதலாம், டீச்சர் பிரம்பை எப்போதோ போட்டுவிட்டேன்.

எல்லாருக்கும் என் ஜெபமும் அன்பும்.

உங்கள் மூணாங்கிளாஸ் டீச்சர்